இருபத்திரண்டு தாள்களைப் பாதுகாத்தேன்

"தெரியுதா?" என்று கேட்டார் பாபா.

ஜன்னல் திரையை முழுதாக விலக்கிவிட்டு, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிக்கொண்டு, ஒரு தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். கண் ஆபரேஷன் முடிந்து, இனிமேல் படிக்கலாம் என்று டாக்டர் சொல்லி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. துபாய் அல் குசைஸின் மத்தியான வெயில் தாளின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கில் பட்டு என் கண்ணைக் கூசச் செய்தது.

"என் கண்ணு இன்னும் சரியாகல. டாக்டர் பொய் சொல்றான். நீ பாரு செல்வா. உனக்குத் தெரியுதா?"

பார்த்தேன். தாள் வெள்ளையாக இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் அதில் கோடும் புள்ளியுமாக ஒரு மனிதரின் இசை இருந்தது. தன் வாழ்நாளில் எழுதியதிலேயே அது ஒன்றுதான் தேறும் என்று அவர் நினைத்த இசை. அதை சத்வாவில் ஒரு கடைக்கு எடுத்துப் போய், கெட்டுப்போகாமல் இருக்க பிளாஸ்டிக் ஒட்டி வாங்கி வந்தவன் நான்.

"தெரியுது பாபா" என்றேன்.

சென்ற வாரம் சவூதி ஜுபைல் கேம்ப் கதையைப் படித்துவிட்டு, திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். 'உங்கள் தொடரில் எல்லா வாரமும் நீங்கள் நல்லவராகவே வருகிறீர்களே, அது எப்படி ஐயா?' நறுக்கென்று கேட்டிருக்கிறார். இரண்டு நாள் அந்தக் கடிதத்தை மேஜை மேலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வாரம் அவருக்குப் பதில்.

ஏசி பாடுகிறது

ஜுபைல் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்து, மறுபடி துபாய்க்குப் போன சமயம் அது. பராமரிப்புக் கம்பெனி ஒன்றில் ஏசி மெக்கானிக். ரூம் சத்வாவில். டியூட்டி அல் குசைஸில் மூன்று கட்டடங்கள். காலையில் கம்பெனி வேன் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டும், சாயங்காலம் அள்ளிக்கொண்டு வரும்.

ஒருநாள் 304-ஆம் நம்பர் வீட்டிலிருந்து ஒரு கம்ப்ளைண்ட். ஃபோர்மேன் எழுதிக் கொடுத்த சீட்டில் 'ஏசி பாடுகிறது' என்று இருந்தது. ஏசி ஒழுகும், உறுமும், நாறும். பாடி நான் கேட்டதில்லை.

கதவைத் திறந்தவர் எண்பதைத் தொடப் போகிற வெள்ளைக்காரக் கிழவர். ஒட்டடைக் கம்பு உயரம், முழங்கால் வரை தொங்கும் பனியன். பெயர் கிரிகோரி மத்வேயிச். என் வாயில் அது நுழைய ஒரு வாரம் ஆகும் என்பதால் அன்றைக்கே 'பாபா' ஆக்கிவிட்டேன். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் சேர்ந்தால் ஒரு தபால் கார்டில் அடங்கும். அதை வைத்துக்கொண்டுதான் ஒரு வருஷம் பேசினோம். எல்லாவற்றையும் இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

விண்டோ ஏசியின் சட்டம் தளர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தது. ரப்பர் துண்டு வைத்து முறுக்கினேன். சத்தம் குறைந்தது. பாபா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"இன்னும் கொஞ்சம் கீழே."

மறுபடி முறுக்கினேன்.

"ரொம்பக் கீழே போயிட்டே. மேலே வா."

ஒரு மணி நேரம் இப்படியே ஸ்பேனரைத் திருகினேன். ஒரு கட்டத்தில் அவர் கையை உயர்த்தி, துபாய்க்கு வந்து கற்றுக்கொண்ட அரபியில், "கலாஸ்!" என்றார். போதும் என்று அர்த்தம். வீணைக்குச் சுருதி சேர்ப்பார்கள், நான் ஏசிக்குச் சேர்த்தேன். கிழவருக்குக் கொஞ்சம் மரை கழன்றிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு இறங்கினேன். ஆனால் மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் கால் தானாக மூன்றாவது மாடிக்குப் போனது.

போனதற்குக் காரணம் நட்பு என்று எழுத ஆசைதான். உண்மையில் அந்த வீட்டுக் குளிர்ச்சிதான் காரணம். வெளியே மண்டை வெடிக்கும். அங்கே பால் இல்லாத டீயும், பல்லை உடைக்கும் ரொட்டியும் கிடைக்கும்.

விநாடிக் கணக்கு

சோவியத் காலத்தில் பாபா சினிமாவுக்கு இசை எழுதியவர். எத்தனை படம் என்று அவருக்கே நினைவில்லை. மனைவி இறந்ததும் மகள் லேனா தன்னோடு அழைத்து வந்துவிட்டார். லேனா மேடத்துக்குத் தேராவில் ஒரு மென்மயிர்க் கோட்டுக் கடையில் வேலை. அந்த வெயிலில் மயிர்க் கோட்டா என்று சிரிக்காதீர்கள். ரஷ்யாவிலிருந்து விமானம் விமானமாக வந்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

பாபா தன் பழைய கேசட் ஒன்றை எனக்குப் போட்டுக் காட்டினார். ஒரே இழுவையாக, யாரோ பக்கத்து வீட்டில் அழுகிற மாதிரி இருந்தது. "எப்படி?" என்றார். "குட்" என்றேன். "நீ நல்ல ஏசி மெக்கானிக்" என்று சொல்லிவிட்டு கேசட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லக் கேட்டால் நம் தையல்காரர்கள் ஞாபகம் வரும். டைரக்டர் ஒரு சீட்டு அனுப்புவாராம். சிப்பாய் கடிதம் படிக்கிறான், நாற்பத்தெட்டு விநாடி. குதிரை ஓடுகிறது, ஒரு நிமிஷம் இருபது விநாடி. அந்த அளவுக்கு ஒரு விநாடி கூடாமல் குறையாமல் இசை வெட்டித் தைத்துக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்த பிறகு காட்சியைக் குறைத்தால், இசையிலும் கத்திரி விழும்.

"வாழ்நாள் பூரா எவனோ சொன்ன அளவுக்கு எழுதினேன். ஒரு தடவை மட்டும் என் அளவுக்கு எழுதினேன்" என்றார்.

அந்த ஒரு தடவை, ஒரு டைரக்டர் அவரிடம், "நீ எவ்வளவு வேணும்னாலும் எழுது, அதுக்குத் தகுந்த மாதிரி நான் படத்தை வெட்டிக்கறேன்" என்றாராம். காட்சி இதுதான். ஒரு தாய் ரயில் நிலையத்தில் நிற்கிறாள். சண்டைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வரும் ரயில் வருகிறது. நிற்காமல் போய்விடுகிறது. அவள் நிற்கிறாள். வசனம் கிடையாது, இசை மட்டும். பாபா ஒரே வாரத்தில், சாப்பாடு மறந்து எழுதியிருக்கிறார்.

படத்தைப் பார்த்த மேலிடத்தார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். ரயில் ஏன் நிற்கவில்லை? டைரக்டர் பிறகு அறைக்குள் தன் ஆட்களிடம் மட்டும் சொன்ன பதிலை யாரோ வெளியே போய்ச் சொல்லிவிட்டார்கள். படத்தை அழித்தார்கள். இசைத் தாள்களை வாங்கிக்கொண்டு போனார்கள். டைரக்டருக்கு அதற்கப்புறம் வேலை இல்லை. அந்த இசையை வாத்தியக்காரர்கள் வாசித்தது ஒலிப்பதிவு நடந்த அந்த ஒரு நாள்தான்.

நீனாவின் கட்டிலடி

எல்லாம் முடிந்தது என்று பாபா நாற்பது வருஷம் இருந்துவிட்டார். அப்புறம்தான் தெரிந்தது, ஸ்டுடியோவில் இசைத் தாள்களைப் படியெடுத்துக் கொடுத்த நீனா என்ற பெண்மணி ஒரு பிரதியைத் தன் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார் என்பது. சாகப் போகிற நேரத்தில், தபாலாபீஸில் வேலை பார்த்த தன் மருமகனை விட்டு அதை லேனா மேடத்தின் கடைக்கு ஃபேக்ஸ் செய்யச் சொன்னார். இருபத்திரண்டு தாள்கள். அடுத்த மாதம் நீனா இறந்தார். வீட்டைக் காலி செய்தவர்கள் காகிதத்தையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டார்கள். உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஃபேக்ஸ் மட்டும்தான்.

பாபாவின் ஊரில் ஒரு இசைக்குழு, வரும் இலையுதிர் காலத்தில் அவருடைய எண்பதாவது பிறந்த நாளுக்கு அதை வாசிக்கிறோம் என்று சொல்லிவிட்டது. பாபாவும் மகளும் போவதாக ஏற்பாடு. 

அந்தக் கால ஃபேக்ஸ் தாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வழுவழுவென்று சுருண்டுகொண்டு நிற்கும். நாளாக ஆக எழுத்து மங்கும். பாபாவின் தாள்களும் மங்க ஆரம்பித்துவிட்டன. அவருக்கோ இரண்டு கண்ணிலும் புரை. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துப் புதுத் தாளில் எழுதுவார். ஒன்றரை மாதத்தில் நாலு பக்கம்தான் முடிந்திருந்தது. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி மகள் கெஞ்சினார். செய்தால் ஒரு மாதம் படிக்கக் கூடாது, அதற்குள் எழுத்து போய்விடும் என்று பிடிவாதமாக மறுத்தார்.

"தாளுக்கும் எனக்கும் ஓட்டப் பந்தயம்" என்பார். "தாள் முன்னால போகுது."

ஒரு வியாழக்கிழமை என்னிடம் தாள்களைக் கொடுத்து, சத்வாவில் ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னார். "காப்பி மட்டும்" என்று இரண்டு தரம் சொன்னார்.

எங்கள் பைத்தியம்

வளைகுடாவுக்குப் போன நம் ஆட்களிடம் ஒரு பைத்தியம் உண்டு. எதையாவது இழந்துவிடக் கூடாது என்று தோன்றினால் உடனே லேமினேஷன் செய்துவிடுவோம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஐயனார் படம், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், எல்லாமே பிளாஸ்டிக்குக்குள் பத்திரம். என் ஐ.டி.ஐ. சான்றிதழை அப்படிச் செய்து வைத்திருந்ததால், முத்திரை குத்த முடியாது என்று ஆபீஸில் என் மூஞ்சியிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். அப்போதும் புத்தி வரவில்லை.

சத்வாவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் கீழக்கரை காதர் பாய். ஊர்க்காரர்களுக்கு விசா நகல் எடுத்தே முதுகு வளைந்தவர். முதல் தாளை மெஷினில் வைத்தார். வெளியே வந்த நகலில் எறும்புக் கால் மாதிரி அங்கங்கே நாலு கோடு.

"மங்கிக் கிடக்கு தம்பி. நம்ம மிஷினு எடுக்காது. பர் துபாயில பெரிய கடைக்குக் கொண்டு போங்க."

"அதுக்குள்ள இன்னும் மங்கிப் போச்சுன்னா?"

"அது போவத்தான் செய்யும்."

"லேமினேசன் பண்ணிட்டா நிக்குமா பாய்?"

பாய் யோசித்தார். முட்டாளாக இருந்திருந்தால் நேராகச் சூடான உருளையில் விட்டிருப்பார், முதல் தாளோடு வேலை நின்றிருக்கும். அவர் அனுபவஸ்தர். ஒரு தாளின் ஓரத்தை மட்டும் சூட்டில் காட்டினார். ஓரம் கறுத்தது.

"பாத்தியளா? ஃபேக்ஸ் தாளு சூடு தாங்காது. நல்ல வேளை சோதிச்சேன். சூடு இல்லாம ஸ்டிக்கர் ஷீட்டு ஒட்டித் தர்றேன். ரெண்டு பக்கமும் ஒட்டிட்டா காத்தும் போவாது, தண்ணியும் போவாது. உங்க பேரப்புள்ள காலம் வரைக்கும் கிடக்கும்."

எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம். இருவருமாக உட்கார்ந்து, காற்றுக் குமிழி வராமல் ஸ்கேலால் நீவி நீவி, இருபத்திரண்டு தாள்களுக்கும் முன்னும் பின்னும் ஒட்டினோம். பசையின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அவ்வளவு அக்கறையாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். பாபா முதலில் முகம் சுளித்தார். அப்புறம் ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்தார். சுருளாமல், விறைப்பாக, பளிச்சென்று இருந்தது. எழுத்தும் பிளாஸ்டிக்குக்கு அடியில் சற்றுத் தெளிவாகத் தெரிகிற மாதிரி இருந்தது.

"இனிமே அழியாதா?"

"அழியாது பாபா. என் சர்டிபிகேட் பத்து வருசமா இருக்கு."

அன்றைக்கே ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். லேனா மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நாங்கள் ஆறு மாதமாகச் சொல்லிக் கேட்காதவர், நீ ஒரு நாளில் கேட்க வைத்துவிட்டாய் என்றார். பர் துபாய்ப் பெரிய கடையை எல்லோரும் மறந்துவிட்டோம். பாதுகாத்து வைத்த பொருளுக்கு என்ன அவசரம்? தாள்கள் ஒரு மாதம் அலமாரியில், துணி சுற்றிக் கிடந்தன.

அந்தத் தாளின் மேல் பசை பட்டால் பசையே எழுத்தைத் தின்றுவிடும் என்று எனக்குத் தெரியாது. காதர் பாய்க்கும் தெரியாது. பின்னால் ஒரு ஃபேக்ஸ் மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்தது. அவன் அதைச் சொல்லிவிட்டு, அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாயிற்றே என்றான்.

மேல் கோட்டில் எத்தனை புள்ளி

"தெரியுது பாபா" என்று நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. என்னை நம்பிவிட்டார். தன் கண்தான் கெட்டிருக்கிறது என்று அத்தனை சந்தோஷப்பட்ட மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"அப்போ எண்ணிச் சொல்லு. மேல் கோட்டுல எத்தனை புள்ளி?"

தாளை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"ரெண்டாவது கோட்டுல?"

அந்தத் தாளைக் கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார். அதையும் வைத்தார். இருபத்திரண்டையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் காட்டினார். சிலவற்றில் கடைசி ஓரத்தில் புகை மாதிரி ஒரு நிழல் இருந்தது. ஒன்றில் பாய் சூடு காட்டிய கறுப்பு மட்டும் இருந்தது. பிளாஸ்டிக்கை நகத்தால் பிய்க்கப் பார்த்தார். தாள்தான் இரண்டாக உரிந்தது.

"மெட்டு ஞாபகம் இருக்குமே பாபா?" என்று உளறினேன்.

"மெட்டு இருக்கு. மெட்டு யாருக்கு வேணும்? நாப்பது பேரு ஒவ்வொருத்தனும் என்ன வாசிச்சான்னு இருந்துச்சே, அது எங்க இருக்கு?"

அவர் கத்தவில்லை. கட்டிலில் போய்ச் சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். காலரை மீறிக்கொண்டு தெரிந்த அந்தக் கழுத்து எலும்பை என்னால் மறக்க முடியவில்லை. நான் அழுதேன். அவருக்காக அழுதேன் என்று சொல்ல வேண்டும். பாதிதான் அவருக்காக. லேனா மேடம் கட்டட ஆபீஸுக்கு ஒரு போன் போட்டால், அடுத்த விமானத்தில் என்னை ஏற்றிவிடுவார்கள் என்ற நினைப்பில் அழுதது மீதிப் பாதி.

நான் பேர் சொல்றதில்லை

நாலு மணிக்கு லேனா மேடம் வந்தார். பாபா எழுந்து நின்று ரஷ்ய மொழியில் நெடுநேரம் பேசினார். நான் கையைக் கட்டிக்கொண்டு தண்டனைக்குக் காத்திருந்தேன். மேடத்தின் முகம் வெளுத்தது. ஏதோ எதிர்த்துப் பேசினார், அழுதார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"புதுக் கண்ணால படிச்சுப் பாத்தாராம். குப்பையா இருக்காம். எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டேன், யாரும் வாசிக்கக் கூடாதுன்னு சொல்றார். உன்னை எதுக்கு இவ்வளவு சிரமப்படுத்தினார்னு தெரியல. மன்னிச்சுக்கோ செல்வா."

தாள்கள் என் டூல் பைக்குள் இருந்தன. மேடம் வருவதற்கு முன்னாலேயே பாபா தன் கையால் அதற்குள் திணித்திருந்தார். தான் எழுதி முடித்த நாலு பக்கத்தையும் சேர்த்தே திணித்திருந்தார்.

மறுநாள் நான் கேட்டேன். "ஏன் பாபா அப்படிச் சொன்னீங்க?"

"அன்னைக்கு டைரக்டர் சொன்னதை அவர் பேரோட ஒருத்தன் வெளிய சொன்னான். அவனும் கெட்டவன் இல்ல. பயந்தவன். அதுக்கப்புறம் யார் பேரையும் யார்கிட்டயும் சொல்றதில்லைன்னு வெச்சிருக்கேன். போ, வேலையைப் பாரு."

வாசிக்க வேண்டாம் என்று இசைக்குழுவுக்குக் கடிதம் போயிற்று. பிறந்த நாளன்று லேனா மேடம் கேக் வாங்கி வந்தார். எனக்கும் ஒரு துண்டு. பாபா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அவர் அதன்பின் பேனாவைத் தொடவே இல்லை. நான் போனால் டீ கொடுப்பார். இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு குடிப்போம். அந்தக் குளிர்காலத்தில் ஒரு விடியற்காலையில் இறந்துபோனார்.

லேனா மேடத்தின் கேள்வி

மேடம் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். பெட்டிகளைக் கீழே இறக்க உதவுவதற்காக என்னைக் கூப்பிட்டிருந்தார். கையில் ஒரு கடிதம்.

பாபா இறந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, அவர் ஊரிலிருந்து ஒரு கிழவர் எழுதியிருந்தார். அந்த ஒலிப்பதிவு நாளில் குழல் வாசித்தவர். தாள்களைத் திருப்பி வாங்கிய அன்று தன் பகுதியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாராம். உயிரோடு இருக்கும் இன்னும் சிலரிடமும் அப்படி இருக்கிறதாம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வருஷம் உட்கார்ந்தால் முழுவதையும் திரும்ப எழுதிவிடலாம், மகள் சம்மதம் மட்டும் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

"அப்பாவுக்குப் பிடிக்காததை அவர் செத்த பிறகு நான் வாசிக்க வைக்கக் கூடாது" என்றார் மேடம். "ஆனா என்னால நம்ப முடியல செல்வா. நாப்பது வருஷம் அதை நினைச்சு ஏங்கினவர். நீதான் தினமும் அவரோட உக்காந்திருந்தே. என்கிட்ட சொல்லாததை உன்கிட்ட சொல்லியிருப்பார். நிஜமாவே அது நல்லா இல்லைன்னு சொன்னாரா?"

ஒரு வார்த்தை போதும். இல்லை மேடம், எழுத்து அழிந்துபோனது, அழித்தது நான் என்று சொன்னால் முடிந்தது. எனக்கு ஊருக்குப் போக இருபது நாள் இருந்தது. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது. ஆனால் அதெல்லாம் சாக்கு. என்னை அன்போடு பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம் மாறுவதை நின்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"ஆமா மேடம். சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"நல்லா இல்லைன்னு."

மேடம் கடிதத்தை மடித்தார். பிறகு அதை நாலாகக் கிழித்து, குப்பைப் பையில் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் கை வைத்தார்.

"நன்றி செல்வா. நீ சொல்லலைன்னா அப்பாவுக்குத் துரோகம் பண்ணியிருப்பேன்."

பரவாயில்லை மேடம் என்று சொல்லிவிட்டு, குப்பைப் பையை நானே கட்டிக் கீழே எடுத்துக்கொண்டு போனேன்.